பூச்சி வீட்டில் அம்மை போட்ட நாள்

போன மாதம் பழைய பாசத்தில் நம் கல்லூரிப் பூச்சி வீட்டை எட்டிப் பார்க்க வந்தேன். புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒரு பெண் என்னை வாசலிலேயே மறித்தாள். "மேடம், உள்ள வராதீங்க, அம்மை போட்டிருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இலைப்பூச்சி தோலுரிக்கும் நாளில் இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், கதவில் ஒரு வேப்பங்கொத்தைக் கட்டுகிறார்கள், அதனால் தானும் சொல்கிறாளாம். ஏன் என்று கேட்டால் "அது ஆதியிலிருந்தே வழக்கம்" என்றார்களாம். ஆதியாவது அந்தமாவது! அந்த வழக்கம் தொடங்கிய காலையில் ஸ்டூலில் ஏறி வேப்பிலை கட்டியவளே நான்தான். உட்காருங்கள், சொல்கிறேன்.

கூண்டு எப்படிக் கட்டுவது, தண்ணீர் எப்போது தெளிப்பது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் எழுதி ஒட்டியதுதான், படித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்ட முடியாத சிலதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள் நான். கடை வாசலில் லாரி ஆரன் ஒரு பக்கம், மூட்டை தூக்குகிறவர்களின் கூச்சல் இன்னொரு பக்கம். அதற்கெல்லாம் மேலே "அத்தா, சாப்பாடு!" என்று கத்திப் பழகிய தொண்டை இது. அந்தத் தொண்டையோடு, சத்தம் ஆகாத பூச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன். எறும்பு ஊர்கிற சத்தம் கேட்கும் அறையில் யானையை விட்டது மாதிரி என்று எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள்.

பார்க்க அசல் இலை மாதிரியே இருக்கும் இந்த இலைப்பூச்சி மழைக்காட்டுப் பிராணி. ஈரமும் நிழலும்தான் அதற்கு உயிர். நமக்கு வாய்த்த இடமோ சேந்தமங்கலத்துப் பக்கம். ஜன்னலைத் திறந்தால் கொல்லிமலை தெரியும், மலைமேல் மேகம் தெரியும். மேகம் மேலேயே இருந்துகொண்டு நம்மை வேடிக்கை பார்க்கும். கீழே நம் அறையில் சுவரைத் தொட்டால் கை சுடும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டும் தண்ணீர் தெளித்தும் ஒரு சின்னக் காட்டை நாம்தான் தினமும் உண்டாக்க வேண்டும். ஒரு நாள் அசந்தால் அந்தக் காடு காய்ந்துவிடும்.

அம்மை போட்ட கதைக்கு முன்னால் கொய்யா இலைக் கதை ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் இது விளங்காது. நம் பூச்சிகளுக்குக் கொய்யா இலைதான் சாப்பாடு. ஒருமுறை நம் மரம் மொட்டையாகிப்போய் வெளியே இலை தேட வேண்டியதாயிற்று. பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல மனிதர். கேட்டதும் வண்டி நிறைய வெட்டிக் கொடுத்தார். காய்க்கு மாவுப்பூச்சி விழுந்திருந்ததால் மருந்து அடித்திருந்ததை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். பூச்சிக்கு மருந்து அடித்த இலை, அதைத் தின்னப் போவதும் பூச்சி. மறுநாள் காலையில் கூண்டுகளின் அடியில் பச்சைப் பச்சையாக உதிர்ந்து கிடந்தன. இலை உதிர்ந்திருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளே அந்தத் தோட்டக்காரர் கேள்விப்பட்டு ஓடி வந்தார். அவரிடம் நான் கோபப்படவில்லை, அதற்குத் தெம்பு இல்லை. ஆனால் அன்றிலிருந்து யார் இலை கொடுத்தாலும், என் சொந்தத் தம்பியே கொடுத்தாலும், "மருந்து அடிச்சதா?" என்று கேட்காமல் வாங்கியதில்லை. நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல மனது வேறு, நல்ல இலை வேறு.

ஈர மணலில் புதைத்து வைத்திருந்த முட்டைகள் மட்டும் மிஞ்சின. பார்க்க ஏதோ செடியின் விதை மாதிரி இருக்கும். அதில் பாதிக்கு மேல் பொரிக்கவே இல்லை. பொரித்தவற்றில் தேறியது ஒரே ஒரு கூண்டுக் குஞ்சுகள்தான். நம் பூச்சி வீட்டின் வம்சம் முழுக்க அந்த ஒரு கொசுவலைக் கூண்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. இவை போனால் மறுபடி கொண்டுவர அனுமதி கிடைக்காது என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். அறையைக் காலி செய்து ஜெராக்ஸ் மெஷின் வைக்கப் போவதாகவும் பேச்சு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாவாயி அக்கா பூச்சி வீட்டைச் சுத்தம் செய்ய வந்தார். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்க ஆரம்பித்ததும் தறியை விட்டுவிட்டு, சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகளோடு வந்து இருந்தார். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். எங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்ட புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

ஆனால் அவரிடம் இன்னொரு பேச்சும் இருந்தது. தறிக் கூடத்தில் ஆளுக்கு ஆள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் குரலே எழுப்பாமல் உதட்டை அசைத்துப் பேசிக்கொள்வார்கள், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். பூச்சி வீட்டுக்குள் சத்தம் கூடாது என்று நான் சொன்ன முதல் நாளே பாவாயி அக்கா அந்தப் பேச்சுக்கு மாறிவிட்டார். எனக்குத்தான் அதைப் படிக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. "டீச்சருங்க, தண்ணி தெளிச்சாச்சுங்க" என்று உதட்டிலேயே சொல்வார். உதட்டில் பேசும்போதும் அந்த 'ங்க'வை விடமாட்டார். பூச்சிகளிடம் மட்டும் மரியாதை கிடையாது. குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி, அவை எல்லாமே அவருக்குச் சாமிதான். "சாமி, தின்னியா? சாமி, அங்க போகாத."

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அது ஆடி மாதம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், நம் சாக்கில் இருந்த ஈரம் பறந்ததைக் கேட்க வேண்டுமா? அன்றைக்குக் கல்லூரியில் புதுக் கட்டடத் திறப்பு விழா. அழைப்பிதழிலேயே 'நடமாடும் இலைகளைக் காணுங்கள்' என்று போட்டுவிட்டார்கள். விருந்தாளிகளும், பல பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பூச்சி வீட்டுக்குள் வந்து போவதாக ஏற்பாடு. முதல் நாளே குஞ்சுகள் தின்பதை நிறுத்திவிட்டு, கிளைக்கு அடியில் தலைகீழாகத் தொங்க ஆரம்பித்திருந்தன. தோலுரிக்கப் போகின்றன என்று தெரிந்துவிட்டது.

தோலுரிப்பு எப்படிப்பட்ட நேரம் என்று உங்களுக்குத் தெரியும். பழைய தோல் முதுகில் வெடிக்கும். அதற்குள்ளிருந்து ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு வெளியே வர வேண்டும். காற்றில் ஈரம் குறைந்தால் கால் தோலிலேயே மாட்டிக்கொள்ளும். யாராவது கூண்டை அசைத்தால் பிடி நழுவி விழும். விழுந்தது பெரும்பாலும் பிழைக்காது. நாம் உதவி செய்யவும் முடியாது. இழுத்துவிட்டால் கால் கையோடு வந்துவிடும்.

ராசிபுரம் வழியாக வரும் பஸ்ஸைப் பிடித்து அரக்கப்பரக்க வந்து சேர்ந்தேன். வந்தால் பூச்சி வீட்டுக் கதவில் வேப்பங்கொத்து. வாசலில் மஞ்சள் வாசனை. உள்ளே போய்க் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன், அடியில் மெத்தை மாதிரி வேப்பிலை பரப்பியிருந்தது. பாவாயி அக்கா பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் இங்கே வந்தபிறகு குஞ்சுகள் பெரிய அளவில் தோலுரிப்பது அதுதான் முதல் தடவை. உடம்பு வெளுத்து, தோல் வெடித்து, சாப்பிடாமல் சுருண்டு தொங்கினால் அவருக்கு என்ன தோன்றும்? குழந்தைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றுதான் தோன்றியிருக்கிறது. அம்மை போட்டால் என்ன செய்ய வேண்டுமோ அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்திருக்கிறார்.

வேம்பு பூச்சிக்கு என்ன செய்யும் தெரியுமா? தின்ன விடாது. அதைவிட முக்கியம், தோலுரிக்க விடாது. அதற்காகத்தான் வயலுக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறார்கள். இலையைப் பரப்பினாலே அவ்வளவு கெடுதல் வருமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் இருப்பது ஒரு கூண்டு. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. முதலில் வாசலில் இருந்த கொத்தைப் பிடுங்கி எறிந்தேன். அப்புறம் என் செவ்வாய்ப்பேட்டைத் தொண்டையைத் திறந்து, "என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க…" என்று தொடங்கினேன்.

பாவாயி அக்கா விரலை உதட்டில் வைத்தார். உதட்டை மட்டும் அசைத்தார்.

"அம்மை போட்ட ஊட்டுல சத்தம் போடக் கூடாதுங்க டீச்சர்."

அவர் சொன்ன காரணம் தப்பு, ஆனால் சொன்ன விஷயம் சரி. அந்த நேரத்தில் அந்த அறையில் சத்தம் போடக் கூடாதுதான். மீதிக் கோபத்தை விழுங்கிக்கொண்டு, அவரைப் போலவே உதட்டை அசைத்து, வேம்பு என்ன செய்யும் என்று சொன்னேன். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று.

"நானே கொன்னு போட்டனுங்களா?"

இல்லை என்று சொல்லலாம். ஆமாம் என்றும் சொல்லலாம். எனக்குத் தெரியவில்லை, அதனால் "தெரியலக்கா, முதல்ல இலைய எடுத்துரலாம்" என்றேன். பிள்ளைகளே, நெருக்கடியில் தெரியாததைத் தெரியாது என்று சொல்வது ஆறுதலாக இருக்காதுதான். ஆனால் அடுத்த வேலையைச் சேர்த்துச் சொன்னால் மனிதர்கள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

எடுப்பதும் லேசில்லை. வேப்பிலை மெத்தைக்குச் சற்று மேலேதான் குஞ்சுகள் தொங்கின. இரண்டுக்குத் தோல் வெடித்தே விட்டது. நான் இடுக்கியை எடுத்தேன். அவசரத்தில் அதன் முனை வலையில் மாட்டப் பார்த்தது. பாவாயி அக்கா அதை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு வெறும் விரலை உள்ளே விட்டார். ஓடுகிற தறியில் அறுந்த நூலை முடிந்த விரல்கள். ஒவ்வொரு இலையாக வெளியே வந்தது, கூண்டு ஒரு தரம்கூட அசையவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அதைத் துடைக்கக்கூட அவர் கையை வெளியே எடுக்கவில்லை. நல்லவேளையாக மஞ்சள் தண்ணீரை வாசலில் மட்டும்தான் தெளித்திருந்தார்.

இலையெல்லாம் கூடைக்குப் போன பிறகு வராந்தாவுக்குப் போய்ச் செயலாளருக்குப் போன் செய்தேன். கல்லூரியை நடத்துகிறவர் அவர்தான். இன்றைக்கு யாரையும் உள்ளே விட வேண்டாம், தோலுரிக்கின்றன என்று கெஞ்சினேன். "ஏம்மா பானு, அழைப்பிதழ்ல போட்டாச்சு. ரெண்டு நிமிசம் பாத்துட்டுப் போயிருவாங்க. பூச்சி தோலுரிக்கறதையும் பாத்துக்கட்டுமே" என்று வைத்துவிட்டார். வம்சம், ஈரம், பிடி நழுவுதல் என்று நான் அடுக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அவர் கெட்டவர் இல்லை. விழா நாளில் எந்த மனிதருக்கும் காது கொஞ்சம் மந்தமாகிவிடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையப் போகிறதே என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தூரத்தில் நாதஸ்வரம் கேட்டது, ஊர்வலம் நம் கட்டடத்தை நோக்கித் திரும்பிவிட்டது. காலடியில் பார்த்தேன். நான் பிடுங்கி எறிந்த வேப்பங்கொத்து கிடந்தது.

எனக்கும் சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறது. எங்கள் தெருவில் எல்லாரும் கலந்துதான் இருந்தோம். அம்மை என்றால் எங்கள் வீட்டு வாசலிலும் எதிர்வீட்டு அம்மா வேப்பிலை செருகிவிட்டுப் போவார். அத்தா பார்த்தும் பார்க்காத மாதிரி கடைக்குப் போய்விடுவார். அந்த இலையைத் தாண்டி யாரும் உள்ளே வந்ததில்லை. கடன் கேட்க வந்தவர்கூடத் தெருவிலிருந்தே திரும்பிப் போனார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். தலையில் போட்டிருந்த முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஏறி, கொத்தை இருந்த இடத்திலேயே கட்டினேன், நன்றாகத் தெரியும்படி. பாவாயி அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன், அவர் வெளியிலேயே நின்றார்.

செயலாளரின் குரல் முதலில் கேட்டது. "வாங்க, இந்தப் பக்கம். ஆறு காலுள்ள எலைய எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா…" அத்தோடு நின்றது. நாதஸ்வரமும் நின்றது. அப்புறம், தணிந்த குரலில், "என்னம்மா பாவாயி, வேப்பல கட்டியிருக்குது?"

பாவாயி அக்காவின் நிஜக் குரல் கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது. "உள்ள கொழந்தைங்களுக்கு அம்மை போட்டிருக்குதுங்க! சித்த அக்கட்டால போயிருங்க சாமி, புண்ணியமாப் போகும்!"

எந்தக் குழந்தை, யார் குழந்தை என்று ஒருவரும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "சத்தம் போடாதீங்கப்பா, அப்படியே திரும்புங்க" என்று செயலாளர் சொல்வது கேட்டது. அத்தனை கால்களும் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துப் பக்கம் மெதுவாக நடந்து போயின. நான் சொல்லிப் புரியாததை ஒரு பிடி இலை சொல்லிவிட்டது.

பிறகு பாவாயி அக்கா உள்ளே வந்து கூண்டின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். சாக்கை நனைப்பதற்கு மட்டும் எழுந்தோம். முதல் குஞ்சு பாதி வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே உதட்டை அசைத்தார். "மெல்ல வா சாமி. ஆரும் அவசரப்படுத்தல. நான் உக்காந்திருக்கறேன்."

அப்புறம் என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் அந்தக் கதையைச் சொன்னார். மகள் சிறுமியாக இருந்தபோது அம்மை போட்டிருக்கிறது. தறி முதலாளி லீவு கொடுக்கவில்லை. ஷிப்டுக்குப் போகாவிட்டால் தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

"என்ற புள்ள அம்மா அம்மான்னு தேடுச்சாமுங்க. நான் தறிக்கிட்ட நின்னுட்டு இருந்தனுங்க. அன்னிக்கு உக்கார முடியலீங்க டீச்சர். அதான் இன்னிக்கு உக்காந்துக்கலாம்னு…"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காலையில் அந்தக் கை செய்த வேலைக்காகத்தான் கத்த இருந்தேன்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. ஒன்றுக்கு மட்டும் பின்னங்கால் கோணிக்கொண்டது, அதுவும் நன்றாகத் தின்று வளர்ந்தது. புதுத் தோலில், தளிர் இலையின் நிறத்தில் தொங்கிக்கொண்டு, தாங்கள் கழற்றிப் போட்ட சட்டையைத் தாங்களே தின்றன. பாவாயி அக்கா அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே என்றார். வேப்பிலையும் மஞ்சளும் கூடாது, வெறும் தண்ணீர் என்றேன். "சரிங்க, அம்மன்கிட்ட நான் சொல்லிக்கறனுங்க" என்று தெளிப்பானை எடுத்தார். தெளித்து முடித்ததும் தானே போய்க் கதவில் இருந்த கொத்தை அவிழ்த்தார்.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் வந்தார், யாருக்கு அம்மை என்று கேட்டார். மறைக்கவில்லை, சொன்னேன். "பூச்சிக்குன்னு அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா கதவத் தெறக்கச் சொல்லியிருப்பேம்மா" என்றார். கூண்டருகே குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனார். ஜெராக்ஸ் மெஷின் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. இன்றைக்கு உங்கள் கூண்டுகளில் இருப்பவை எல்லாம் அந்த ஒரு கூண்டின் வாரிசுகள். வேப்பங்கொத்து கதவில் மட்டும்தான், கூண்டுக்குள் கூடவே கூடாது. இதைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வயிற்றில் ஓர் ஆபரேஷன் நடந்தது. செவ்வாய்ப்பேட்டை வீட்டில் படுத்திருந்தேன். கடைத்தெருவே பார்க்க வந்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, யார் யாருக்கு ஆபரேஷன் ஆகி என்ன ஆயிற்று என்று பேசினார்கள். தையல் போட்ட இடம் விண்விண் என்று தெறிக்கும். போங்கள் என்று சொல்ல முடியுமா? அந்தத் தொண்டையும் அப்போது என்னிடம் இல்லை.

ஒருநாள் காலையில் பாவாயி அக்கா பஸ் ஏறி வந்தார். வாசலிலேயே நின்று உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்தார். வெளியே போனவர், எங்கிருந்தோ ஒரு வேப்பங்கொத்தோடு திரும்பி வந்து நிலைக்கதவில் செருகினார். என் தம்பி பதறிப்போய் என்னிடம், "என்னக்கா இது, நம்ம வாசல்ல?" என்று கேட்டான். "இருக்கட்டும்டா" என்றேன். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள், எங்கள் ஜனமும் சரி மற்றவர்களும் சரி, பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

வீடு அமைதியாயிற்று. பாவாயி அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னிடம் எப்போதும் 'ங்க' போட்டே பேசியவர். கட்டிலில் இருந்த என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார்.

"மெல்ல வா சாமி. ஆரும் அவசரப்படுத்தல."

அதில் 'ங்க' இல்லை. நான் கண்ணை மூடித் தூங்கினேன்.